கிப்லியின் மகளுக்கு இரண்டு கேடயங்கள்

திரிபோலியில் ஓர் எழுத்தாளரைக் கௌரவிக்க ஒரு கேடயமும் அதை வைக்க ஒரு வெல்வெட் பெட்டியும் போதும். எழுத்தாளரும் வந்து சேர்ந்தால் நல்லதுதான். ஆனால் அவர் வரவில்லை என்பதற்காக எந்த விழாவும் நின்றதாகச் சரித்திரம் இல்லை. பேச வேண்டியவர்கள் வந்திருப்பார்கள், அவர்களுக்கும் ஆளுக்கொரு கேடயம் இருக்கும். நகரத்தில் பாதி வீடுகளில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருப்பது இலக்கியக் கேடயம்தான்.

இந்தக் கேடயங்களை வழங்குவது எழுத்தாளர் பெருமை காக்கும் பொது வாரியம். கடலைப் பார்த்த பழைய இத்தாலியக் கட்டிடம். வாசல் சுவரில் மூன்று வரிசை ஆணித் துளைகள் தெரியும். முதல் வரிசையில் ஒரு காலத்தில் 'வெளியீட்டு அனுமதி அலுவலகம்' என்ற பலகை தொங்கியது. அடுத்த வரிசையில் 'எழுத்தாளர் வழிகாட்டுக் குழு'. மூன்றாவதில் இப்போதுள்ள பெயர். மூன்று முறையும் ஏணியில் ஏறிப் பலகை மாட்டியவர் நூரி என்ற குமாஸ்தா. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர், டாக்டர் அப்துல் மவ்லா, இன்று வாரியத்தின் தலைவர்.

அஷூருக்கும் இலக்கியத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அறுபத்தைந்து வயது, ஃபஷ்லூம் பகுதியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. கம்ப்ரஸர் போடும் சத்தத்தை வைத்தே அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே வாசகம் கடைக் கதவில் ஒட்டும் 'தொழுகைக்குப் போயிருக்கிறேன்' என்ற சீட்டு. இப்படிப்பட்ட மனிதர் ஒரு மார்ச் மாதக் காலையில் வாரியத்தின் கவுன்டரில் வந்து நின்றதற்குக் காரணம் அவருடைய அக்கா ஸொஹ்ரா.

ஸொஹ்ரா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டு மாடியில் இருந்தார். கண்ணைக் காட்ட டூனிஸுக்குப் போனார்கள். இடது கண் போய்விட்டது, வலது கண் இன்னும் ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது எல்லைச் சாவடியில் கார் வரிசை நகரவே இல்லை. அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"அஷூரு, என் நோட்டு எனக்கு வேணும்."

"எந்த நோட்டுக்கா?"

"உங்கிட்ட எத்தனை நோட்டுடா குடுத்தேன்?"

அஷூருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஒரே நோட்டுதான். 1979இல், அக்கா ஏழு கதை எழுதி, 'கிப்லியின் மகள்' என்று புனைபெயர் போட்டு அவரிடம் கொடுத்தார். பாலைவனத்திலிருந்து கிளம்பி ஊரையே மணலால் மூடிவிட்டுப் போகிற கிப்லி காற்றுக்கு ஒரு மகள் இருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பாள் என்று அக்காவுக்கு அப்போது ஒரு கர்வம். அச்சுப்போட அனுமதி வாங்க வேண்டும். கல்யாணமாகாத பெண் அந்த அலுவலகத்துக்குப் போகிற வழக்கமெல்லாம் கிடையாது. இருபது வயது அஷூர் நோட்டைச் சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

கவுன்டரில் இருந்தவன், "யாரோடது இது?" என்று கேட்டான். பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள். அக்கா பெயரைச் சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் வீட்டுப் பெண்ணின் பெயரை வெளியாட்கள் நடுவில் உச்சரிப்பது எங்கள் ஊரில் துணி அவிழ்ந்து நிற்பதற்குச் சமம். மனைவிக்கு உடம்பு எப்படி என்று கேட்டால்கூட "வீட்டுல பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அஷூரும் "எங்க வீட்டுதுதான்" என்றார். அவன் பேனாவை உதறிவிட்டு "உன் பேரு?" என்றான். சொன்னார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னான். அதற்குள் ஊரில் எழுதுகிறவர்களை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். அஷூர் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை, கரும்பலகையில் எழுதியதோடு சரி.

"கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை படிச்சுப் பாத்துடறேன்" என்றார் அக்கா. "நல்லா எழுதினேனா, சும்மா உளறினேனான்னு தெரியாமலே போகக் கூடாது."

இதுதான் விஷயம். ஒரு பச்சை அட்டை நோட்டு, ஆறு மாத அவகாசம்.

கவுன்டரில் நூரி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்ன ஹாஜி?"

"எழுபத்தொன்பதுல ஒரு நோட்டு குடுத்தேன். திருப்பி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ரெண்டு வாரத்துல வரச் சொல்லியிருப்போமே?"

"ஆமா."

"அப்ப வராம இப்ப வந்து நின்னா? அவங்கவங்க வேலையில ஒரு ஒழுங்கு வேணாமா?" என்று நூரி கடிந்துகொண்டார். கடிந்துகொண்டாலும் ரெஜிஸ்டரை எடுத்தார். எங்கள் அரசாங்கங்கள் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை என்றாலும் பிடுங்கியதைப் பத்திரமாக எழுதிவைக்கும். ஒரு விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளினார், கீழே இறக்கினார், எழுந்து நின்றார்.

"சிறுகதை நோட்டு, பச்சை அட்டை. புனைபெயர் கிப்லியின் மகள். ஆசிரியர் அஷூர். யா அல்லாஹ், நீங்களா அது? செத்துட்டீங்கன்னுல்ல நாங்க பட்டியல் போட்டிருக்கோம்!"

அஷூர் மறுக்க வாய் திறப்பதற்குள் அவரை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய் டாக்டர் அப்துல் மவ்லாவின் அறையில் நிறுத்திவிட்டார். சுவர் முழுக்கக் கேடயங்கள். அத்தனையும் வாரியம் தலைவருக்கு வழங்கியவை, வழங்கியவர் கையெழுத்தும் தலைவருடையதுதான்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. 'நூறு இலக்கியச் சிகரங்கள்' என்று ஒரு பெரிய புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பது சிகரங்கள் சேர்ந்தாயிற்று. நூறாவது சிகரம் வெளிநாட்டிலிருந்து, தன் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்று கடிதம் எழுதிவிட்டது. தேடிக் களைத்த நேரத்தில் சிகரம் தானே படியேறி வந்திருக்கிறது.

"உக்காருங்க உஸ்தாத். நீங்க ஒரு சிகரம்."

"நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குங்க."

"பணிவு! குறிச்சுக்கோ நூரி, பணிவு."

"அந்தக் கதையெல்லாம் நான் எழுதலை டாக்டர். எங்க அக்கா எழுதினது. நான் தூக்கிட்டு வந்தவன்தான்."

டாக்டரின் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது, கண் மட்டும் சிறுத்தது. மேஜைக்குள்ளிருந்து தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. தலைப்பு, 'பெண் பெயரில் ஒளிந்த ஆண் பேனாக்கள்'.

"பத்து வருஷ உழைப்பு. அந்தக் காலத்துல பொம்பளைப் பேருல எழுதினவங்க அத்தனை பேரும் மீசை வெச்சவங்கன்னு நிரூபிச்சிருக்கேன். இருபத்தாறாம் பக்கம் பாருங்க, உங்க கிப்லியின் மகள்தான் முதல் உதாரணம். ஆதாரம் கீழே இருக்கிற ரெஜிஸ்டர்."

"ரெஜிஸ்டர்ல தப்பா எழுதிட்டான். தப்பு என் மேலயும்தான். அவ பேரைச் சொல்ல எனக்குக் கூச்சமா..."

"ரெஜிஸ்டர் தப்புன்னா என் பட்டம் தப்பு. பட்டம் தப்புன்னா இந்த நாற்காலி தப்பு. நாற்காலி தப்புன்னா குடுத்த அரசாங்கம் தப்பு. ஒரு நோட்டுக்காக அவ்வளவு தூரம் போவானேன் ஹாஜி?"

"அவ பேரு வந்து..."

"வேணாம்! வேணாம்!" டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நூரியும் பொத்திக்கொண்டார். "வீட்டுப் பொம்பளை பேரை ஆபீஸ்ல இழுக்காதீங்க. உங்களுக்குத் தோணலைன்னாலும் அவங்க மானத்தை நாங்க காப்பாத்துவோம்."

சரி, நோட்டையாவது கொடுங்கள் என்று அஷூர் கெஞ்சினார். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நோட்டு தரைத்தளத்தில் பழைய கோப்பு அறையில் இருந்தது. அறைக்கு இரும்புக் கதவு. பூட்டின் சாவி பெங்காசியில். நாடு இரண்டாகி, அரசாங்கம் இரண்டாகி, மந்திரிகள் இரட்டிப்பானபோது வாரியமும் இரண்டாயிற்று. கோப்பு அறைக்காரர் அந்தப் பக்கத்து ஆள், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிழக்கே போய்விட்டார். அங்கே இதே பெயரில், இதே முத்திரையோடு இன்னொரு வாரியம் நடக்கிறது. அதன் தலைவர் டாக்டர் ஸால்ஹீன். பூட்டு இங்கே இருப்பதால் நாங்கள்தான் அசல் என்பது இவர்கள் கட்சி. சாவி எங்களிடம் என்பது அவர்கள் கட்சி.

"பூட்டை உடைச்சிட்டா?" என்றார் அஷூர். பதினாறு வயதிலிருந்து பூட்டு உடைந்த ஃப்ரிட்ஜ்களைத் திறந்து பழகியவர், ஐந்து நிமிட வேலை.

டாக்டர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அரசாங்கப் பூட்டு! உடைச்சா நாட்டைப் பிரிச்சவங்க நாங்கன்னு ஆயிடும். ஒரே வழிதான் இருக்கு. ரெண்டு வாரியமும் சேர்ந்து உங்களைக் கௌரவிக்கணும். கௌரவிப்புன்னா அவங்க வந்துதான் ஆகணும். வந்தா சாவியும் வரும்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். அவர் மக்ரோனா பாஸ்தாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார், கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஆக, நான் எழுதினதுக்கு உனக்குக் கேடயம்."

"நான் முடியாதுன்னுட்டு வந்துடறேன்க்கா."

"முடியாதுன்னா நோட்டு?"

அஷூர் தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினார்.

"ஒரு தடவை என் பேரைச் சொல்ல உனக்கு வாய் வரலை. அதுக்கு நாப்பத்தஞ்சு வருஷம் நான் ஒண்ணும் சொல்லலை. இப்பவும் சொல்லலை. போய்க் கேடயத்தை வாங்கு, மூஞ்சியை அழகா வெச்சுக்கிட்டு நில்லு. எனக்கு நோட்டு வேணும்." பிறகு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "கண்ணுல தண்ணி வருதேன்னு பாக்காத, இன்னும் அதுக்காவது இந்தக் கண்ணு உதவுது" என்றார்.

அஷூர் எழுத்தாளரானார். வாரியம் அவருக்கு ஒரு சால்வை கொடுத்தது. மோவாயில் கைவைத்துக் கடலைப் பார்ப்பது போல் படம் எடுத்தார்கள். கையில் கம்ப்ரஸர் எண்ணெய்க் கறை போகவில்லை என்று படக்காரன் சொன்னபோது, அது மையாக்கும் என்று நூரி விளக்கினார். டெலிவிஷனில் ஒரு பெண், "தாங்கள் மௌனமாக இருந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள். "கேஸ் ஏத்தினேன்" என்று உண்மையைச் சொன்னார். மறுநாள் பத்திரிகையில் அந்த வாசகத்துக்கு மூன்று பத்தி வியாக்கியானம் வந்தது.

ஒரு ஓட்டலில் கருத்தரங்கு கூட்டினார்கள். மூன்று பேராசிரியர்கள், மூன்று கட்டுரைகள். நோட்டு பூட்டிய அறைக்குள் கிடக்கிறது, ஒருவரும் ஒரு வரி படித்ததில்லை, ஆனால் கட்டுரை வாசிப்பதில் ஒருவருக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அஷூரின் கதைகளில் பெண் என்பவள் உண்மையில் எண்ணெய் வயல்தான் என்றார் முதலாமவர். இல்லை, அவள் ஒட்டகம் என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் இருவரையும் மறுத்து, அஷூரின் கதைகளில் பெண்ணே கிடையாது, அதுதான் அவற்றின் சாதனை என்று நிறுவினார். பலத்த கைதட்டல். மூவருக்கும் கேடயம். அஷூர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பாதாம் போட்ட டீ ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் பெங்காசியிலிருந்து தகராறு வந்தது. எழுத்தாளர் மேற்கில் பிறந்து மேற்கில் வாழ்ந்தவர் என்றால் கிழக்குக்கு என்ன பங்கு? அவர் பெங்காசியில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாவி வராது என்றார் டாக்டர் ஸால்ஹீன். எட்டு நாள் ஃபோனில் பேச்சுவார்த்தை. கடைசியில் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்து, அஷூரை சிர்த்துக்குப் பக்கத்தில், போர்நிறுத்தக் கோட்டை ஒட்டி ஒரு பொட்டல் வெளியில் பிறக்க வைத்தார்கள். அங்கே வீடு, மரம் எதுவும் கிடையாது. அவருடைய அம்மா அங்கே எதற்குப் போனாள் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. அக்காவின் வலது கண்ணுக்கு இப்போது பெரிய எழுத்தும் பூதக்கண்ணாடியும் வேண்டியிருந்தது. விழாவுக்கு மூன்று நாள் முன்பு நிகழ்ச்சிநிரல் கையில் வந்தது. அதில் ஏழாவது வரி: 'நோட்டு கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டு நிரந்தரமாகப் பூட்டப்படும்.'

அஷூர் டாக்டரிடம் ஓடினார். "நோட்டு எனக்குன்னு சொன்னீங்களே?"

"எழுத்தாளருக்குக் கேடயம். ரெண்டு! நோட்டு தேசத்துக்கு. படம் எடுக்கற வரைக்கும் உங்க கையில வெச்சிருக்கலாம், மூணு நிமிஷம். பேழைக்கு ரெண்டு பூட்டு, ஒரு சாவி எங்ககிட்ட, ஒரு சாவி அவங்ககிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்தாதான் திறக்கும். இதைவிடப் பாதுகாப்பு உண்டா?"

"படிக்கணும்னா?"

"யாரு?" என்றார் டாக்டர். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

அஷூர் அன்று வீட்டுக்கு வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட ஸொஹ்ரா திட்டவில்லை. மறுநாள் முக்குக் கடையில் ஒரு பச்சை அட்டைப் பள்ளி நோட்டு வாங்கி வரச் சொன்னார். அதன் அட்டையில் சிவப்பு டீயை ஊற்றி, மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, மூலைகளைக் கசக்கினார்.

"உள்ள என்ன எழுதறது?" என்றார் தம்பி.

"ஒண்ணும் வேணாம். அவங்கள்ல எவன் பிரிச்சுப் பாக்கப்போறான்?"

விழா அன்று கிழக்கும் மேற்கும் ஒரே நேரத்தில் வாசலில் நுழைய வேண்டும் என்பதற்காகக் கதவைப் பெயர்த்து அகலப்படுத்தியிருந்தார்கள். முதலில் கோப்பு அறை திறப்பு. சாவியை டாக்டர் ஸால்ஹீன் போட, பூட்டை டாக்டர் அப்துல் மவ்லா பிடித்துக்கொள்ள, கேமராக்கள் மின்ன, கதவு கிறீச்சிட்டது. உள்ளே தரையிலிருந்து கூரை வரை நோட்டுகள். கவிதை, நாவல், நாடகம், கயிறு கட்டியவை, சிகரெட் தாளில் எழுதித் தைத்தவை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இரண்டு வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் கொடுத்தது. அஷூர் ஒரு கட்டின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை பேரும் எங்கே போனார்கள், இதில் எத்தனை பேருக்கு அக்கா இருந்தாள், தம்பி இருந்தான்?

"இதெல்லாம்?" என்றார்.

"பழைய குப்பை" என்றார் டாக்டர். "சிகரம் நூறுதான், அதுக்கு மேல பக்கம் கிடையாது." பச்சை அட்டையை உருவி எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தச் சொன்னார்.

மேடையில் டாக்டர் அப்துல் மவ்லா பேசினார். "இந்த வாரியம் எந்தப் பலகையின் கீழே இயங்கினாலும் எழுத்தாளர்களை ஒருநாளும் கைவிட்டதில்லை. அவர்கள் சிறையில் இருந்த காலத்தில்கூட யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது எங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வெளிநாட்டுக்கு ஓடியவர்களின் முகவரியையும் தேடிக் கண்டுபிடித்தோம். இவ்வளவு அக்கறை எந்த நாட்டில் உண்டு?"

டாக்டர் ஸால்ஹீன் விட்டுக்கொடுக்கவில்லை. "மக்கள் படிப்பதற்கு முன்பே நம் எழுத்தாளர்களைப் படித்தவர்கள் நாம். பல நூல்களுக்கு முதல் வாசகரும் நாமே, கடைசி வாசகரும் நாமே. பத்துப் பேர் எழுதினால் ஒன்பது பேரை நிறுத்தினோம். அதனால்தான் நம் இலக்கியத்தில் தரம் இருக்கிறது." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறோம். இங்கே ஓநாய், ஆட்டைத் துவட்டிவிட்டதற்கு நன்றி எதிர்பார்த்தது.

இரண்டு கேடயங்களையும் அஷூரின் இரண்டு கக்கத்திலும் செருகி, கையில் நோட்டைக் கொடுத்து, மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவருக்கு 1979ஆம் வருஷத்துக் கவுன்டர் ஞாபகம் வந்தது. பின்னால் நின்ற ஆண்களின் மூச்சுக்கூடக் கழுத்தில் பட்டது. இப்போது எதிரே முந்நூறு பேர். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் பெண்களுக்குப் போட்ட நாற்காலியில், வெள்ளைப் போர்வையை இழுத்துப் போர்த்தி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கதையெல்லாம் எழுதினது எங்க அக்கா" என்றார் அஷூர். "அவ பேரு ஸொஹ்ரா. ஸொஹ்ரா. அன்னிக்கே சொல்லியிருக்கணும், எனக்குத் தைரியம் இல்லை. ஸொஹ்ரா. எழுதிக்குங்க."

ஒரு மனிதன் மைக்கில், முந்நூறு அந்நிய ஆண்கள் முன்னால், மூன்று முறை தன் அக்கா பெயரைச் சொல்கிறான்! சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டார். நொடியில் டாக்டர் அப்துல் மவ்லா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டீர்களா! கற்பனைப் பெண்ணுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்! புனைபெயருக்கு உயிர் கொடுக்கும் இந்தக் கலை, என் ஆய்வின் இருபத்தாறாம் பக்கத்தை நிரூபிக்கிறது!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லியாயிற்று, அதையும் கேடயமாக்கிவிட்டார்கள். அஷூருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நூரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் இருக்கு உஸ்தாத்" என்றார்.

அஷூர் கேடயங்களை மேடை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினார். நோட்டோடு நேராகத் தூண் பக்கம் நடந்து, அக்காவின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தார். வெள்ளைப் போர்வை ஒரு கணம் இருவரையும் மூடியது. நிமிர்ந்தபோது கையில் பச்சை அட்டை நோட்டு இருந்தது. அவசரத்தில் அக்காவின் மடியில் போர்வை புடைத்துக்கொண்டு தெரிந்தது. பின்னாலேயே ஓடிவந்த படக்காரன் அந்த அம்மாளையும் சேர்த்து எடுக்கக் கேமராவைத் தூக்கினான். அஷூர் நடுவில் குறுக்கே நின்றார்.

மேடையிலிருந்து டாக்டர் அதட்டினார். "டேய், வீட்டுப் பொம்பளைங்களை எடுக்காதே! அந்தம்மாவுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பக்கம் வா!"

படக்காரன் திரும்பிப் போனான்.

பேழையில் நோட்டை வைத்ததும் யார் பூட்டு மேலே, யார் பூட்டு கீழே என்று இரண்டு டாக்டர்களுக்கும் கைகலப்பு வரப் பார்த்தது. கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதையாக, நடுவில் இருந்த நோட்டை யாரும் பார்க்கவில்லை. இரண்டும் பூட்டப்பட்டன. ஒரு சாவி சட்டைப் பைக்குள் போனது, ஒன்று விமானத்தில் கிழக்கே போனது. எண்பது பக்கமும் வெறுமையான ஒரு பள்ளி நோட்டை இன்றும் இரண்டு அரசாங்கங்களின் ஆட்கள் துப்பாக்கியோடு காவல் காக்கிறார்கள். அதில் ஓர் எழுத்துகூட இல்லாததால், ஆட்சேபிக்கவும் எதுவும் இல்லை. வாரியத்தின் சேகரிப்பிலேயே அதுதான் குறையற்ற படைப்பு.

வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் வரிசை தெருவையே அடைத்துக்கொண்டிருந்தது. அஷூர் இன்ஜினை நிறுத்தினார். பின்சீட்டில் கேடயங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. அக்கா போர்வைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முதல் கதையைப் படிக்க ஆரம்பித்தார். நாலு வரி படித்துவிட்டு, "பரவாயில்லைடா, கையெழுத்து அழகா இருக்கு" என்றார். அடுத்த வரியில் வாய்விட்டுச் சிரித்தார்.

"சத்தமாப் படியேன்" என்றார் அஷூர். நோட்டைச் சட்டைக்குள் வைத்துச் சுமந்தவர்தான் என்றாலும் அவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அக்கா படித்தார். ஒரு தெருவில் ஒரு பெண்ணுக்கு, அவள் பெயருக்கே ஒரு கடிதம் வருகிறது. அந்தத் தெருவில் அதுவரை எந்தப் பெண் பெயருக்கும் கடிதம் வந்ததில்லை. தபால்காரனுக்கு அந்தப் பெயரை வாசலில் நின்று கூப்பிடக் கூச்சம். மூன்று நாள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடக்கிறான். டீக்கடையில் நாலு பேரிடம் யோசனை கேட்கிறான். அவர்கள் உறையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கிறார்கள். அஷூர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு கேட்டார், காது சிவந்துவிட்டது. நாலாம் நாள் அந்தப் பெண்ணே கதவைத் திறந்து வெளியே வருகிறாள். தபால்காரன் எதிரே வந்து நின்று, கையை நீட்டி...

அக்கா நிறுத்தினார்.

"என்னக்கா?"

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். கடைசிப் பத்தியின் மேல் ஊதா நிறத்தில் பெரிய வட்ட முத்திரை. 'படித்துப் பார்க்கப்பட்டது.' மை ஊறி, கீழே இருந்த ஏழெட்டு வரியும் ஒரே கறையாகிப் போயிருந்தது. புரட்டிப் பார்த்தார்கள். ஏழு கதைக்கும் அதே இடத்தில், முடிவின் மேலேயே குத்தியிருந்தார்கள்.

அஷூருக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினார். ஹார்ன் அலறியது. முன்னால் இருந்தவன் எட்டிப் பார்த்துத் திட்டினான். "நாசமாப் போறவனுங்க" என்றார் அஷூர். "நாசமாப் போறவனுங்க." வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. ஆனால் அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"அப்புறம்?" என்றார். "அவ கையை நீட்டினா. அப்புறம் என்ன ஆச்சுக்கா?"

"நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சேடா. எனக்கே மறந்துபோச்சு."

"இல்லை, சொல்லு. அப்புறம்?"

ஸொஹ்ரா பூதக்கண்ணாடியை மடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சீட்டில் சாய்த்தார்.

"இரு" என்றார். "யோசிக்கிறேன்."